ஒரே வார்த்தை பேசிய பேய்

இந்தத் தடவை தோற்பதில்லை என்று நான் முடிவு செய்தது ஒரு புதன்கிழமை காலை. வெள்ளிக்கிழமை திருச்சுழியிலிருந்து என் மகள் தங்கச்செல்விக்குப் பூ வைக்க வருகிறார்கள். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு என் மனைவி கனகலட்சுமி தலைகீழாக நின்றாலும் அவள் தம்பி மகனுக்கு என் பெண்ணைக் கட்டிவைக்க முடியாது.

திருச்சுழி மாப்பிள்ளையை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அவன் அப்பாவிடம் பெரிய தகுதி ஒன்று இருந்தது. அவருக்கும் என் மச்சினன் சுப்புராஜைப் பிடிக்காது.

சுப்புராஜ் பாலவனத்தத்தில் மிளகாய் வியாபாரி. ஒரு காலத்தில் லாரியில் மிளகாய் லோடு ஏற்றிக்கொண்டு கோவாவுக்குப் போய் வருவான். அங்கே ஏதோ பாஷை கற்றுக்கொண்டான். போர்த்துகீசு என்பான். அதற்குப் பிறகு வாயை மூடவில்லை. என் மகளுக்குக் காது குத்திய அன்று தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை வைக்க வேண்டும். மாமன் வரவில்லை. லாரி வழியில் நின்றுவிட்டதாம். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் என் பங்காளி மடியில் பிள்ளையை வைத்துக் குத்தச் சொல்லிவிட்டேன். குத்தி முடித்து, பிள்ளை அழுது, அழுகை ஓய்ந்த பிறகு அவன் வந்தான். பேச்சு முற்றியது. நடுப் பந்தலில் நின்றுகொண்டு, ஊர் பார்க்க, என்னைப் பார்த்து "கெட் அவுட்" என்றான்.

என் வீடு. என் பந்தல். நான் கட்டிய வாழைமரம். நான் எங்கே போக?

அன்று சாயங்காலம் சூடம் ஏற்றி, அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். அவன் வாசல்படி மிதிக்க மாட்டேன். அவனோடு பேச மாட்டேன். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கொஞ்சம்தான். ஆனால் ஒருத்தன் சொன்ன சொல்லை மறக்காமல் வைத்திருப்பதில் எங்கள் பரளச்சியில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் கனகலட்சுமி மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏங்க, மத்தியானம் நேரத்துக்கு வீட்டுக்கு வாங்க. சாப்புட்டுட்டு வத்தலுக்குக் கொஞ்சம் காக்கா வெரட்டுங்க."

"நான் புண்ணாக்கு யாவாரியா, காக்கா வெரட்டுறவனா?"

"ரெண்டுமாத்தான் இருந்தா என்ன? உச்சிப்பொழுதுல கடையைச் சாத்திட்டு, கரிமூட்டம் பாக்கப் போறேன்னு கம்மாக்குள்ள ஒத்தையில அலையிறீக. அந்த நேரம் நல்ல நேரமா?"

"பேச்சை மாத்தாத. வெள்ளிக்கெழமை பூ வைக்க வாராக. அதுக்கு ஏற்பாடு பண்ணு."

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"எதுக்குக் கேக்கணும்?"

"அவ ஆனந்தகுமாரைத்தான் நெனைச்சுக்கிட்டு இருக்கா. தாய்மாமன் மகன். முறை மாப்பிள்ளை. அருப்புக்கோட்டையில கரண்டு சாமான் கடை வச்சு நல்லாப் பொழைக்கிறான். அவனை விட்டுட்டு மொகம் தெரியாத எடத்துல தள்ளுனா, அது காலம் பூரா அழும்."

"அந்த ஆளு வீட்டுப் பேச்சை இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

உள்ளே தங்கச்செல்வி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கனகலட்சுமி என்னையே பார்த்தாள். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு மணி நேரமாவது பேசுவாள். அன்றைக்கோ மெதுவாகச் சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் அவள் என்னிடம் பேசாமல் விட்டுக்கொடுத்ததே இல்லை.

*

எண்பத்தேழாம் வருசத்துக் கோடை அது. மழை எங்கள் பக்கத்தை மறந்தே போயிருந்தது. கம்மாயில் தண்ணீர் இருந்த இடமெல்லாம் கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் ஒரு கல்லைப் போட்டால் விழும் சத்தம் கேட்காது. சுற்றிலும் சீமைக்கருவேல மரம். அதை வெட்டி அடுக்கி, மண் பூசி, நான் கரிமூட்டம் போட்டிருந்தேன். மூட்டத்தின் ஓட்டைகளிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி, மேலே ஏறாமல், தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

உச்சி வெயில். நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொண்டது. ஒரு குருவி இல்லை. ஒரு ஆடு இல்லை. அவ்வளவு வெளிச்சத்தில் அவ்வளவு அமைதி இருக்கக் கூடாது.

மடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். முதுகைக் காட்டி நின்றாள். அரக்குச் சேலை. கனகலட்சுமி காலையில் கட்டியிருந்ததும் அரக்குச் சேலைதான். தலைமுடி அவிழ்ந்து இடுப்புக்குக் கீழே தொங்கியது. காற்றே இல்லை. முடி மட்டும் ஆடியது.

"இந்தா, இங்க என்ன பண்ற? வெயில்ல என்னத்துக்கு வந்த?"

திரும்பவில்லை.

"ஒன்னத்தான்!"

அப்போது அது பேசியது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குரல். ஆண் குரலா, பெண் குரலா, பிரிக்க முடியவில்லை.

"கெட்… ஷெகார்."

கெட்! அந்தச் சொல்லைக் கேட்டதும் என் காது எரிந்தது. பந்தலில் நான் கேட்ட அதே கெட். ஆனால் பின்னால் அவுட் இல்லை. வேறு என்னவோ இருந்தது.

ஒரு எட்டு வைத்தேன். மேற்கிலிருந்து ஒரு சூறைக்காற்று கிளம்பியது. சருகையும் புழுதியையும் கரிப்புகையையும் திரட்டிக்கொண்டு, ஒரு பனைமரம் உயரத்துக்குச் சுற்றிச் சுற்றி வந்து, எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. காற்று நிற்குமா? அது நின்றது. பிறகு என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மடை இருந்தது. ஆள் இல்லை.

நான் ஓடினேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் உடம்புக்கு அது நடக்காத காரியம். ஆனால் செருப்பு இரண்டும் கம்மாயிலேயே கிடந்தன. மறுநாளும் எடுக்கப் போகவில்லை.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது கனகலட்சுமி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெள்ளை வெளேரென்று இருந்தன. சுடுகாட்டுச் சாம்பல் என்று எனக்குப் பட்டது. தங்கச்செல்வி தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அம்மா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது."

கனகலட்சுமி மெதுவாகத் தலையை மட்டும் திருப்பினாள். கண் இமைக்கவில்லை. என்னைப் பார்த்தாளா, எனக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்தாளா, தெரியவில்லை. நானும் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"கெட்… லெவந்தார்."

எழுந்தாள். ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து, பூட்ஸ் போட்டவன் நடக்கிற மாதிரி நடந்து வந்தாள். என் முகத்துக்கு நேராக நின்று கையை நீட்டினாள்.

"கெட்… அப்பஞ்ஞார்!"

"ஐயோ! அப்பன் யாருன்னு கேக்குது!" என்று நான் கத்தினேன். "நான்தான் சாமி! இந்தப் பொண்ணுக்கு நான்தான் அப்பன்!"

அது திருப்திப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் வந்தாள். வாசல்படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. அங்கிருந்தே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இது நம்ம ஊருப் பேய் இல்ல. நம்ம ஊருப் பேய் தமிழ்லதான் வையும்."

தங்கச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மொத வார்த்தை இங்கிலீசுப்பா. எங்க புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆனா எதுகூடச் சேந்தாலும் வேற வேற அர்த்தம். ரெண்டாவது வார்த்தை இங்கிலீசு இல்ல. எனக்குத் தெரியல."

"ரெண்டு பாஷை பேசுற பேயா!"

"படிச்ச பேய்" என்றாள் பெத்தம்மாள்.

*

பொழுது இறங்கும் நேரத்தில் கோடாங்கி இருளப்பசாமியைக் கூட்டி வந்தேன். எங்கள் பக்கத்தில் அவர் உடுக்கைக்குப் பயப்படாத பேய் கிடையாது. திருநீறு போட்டு, வேப்பிலையை எடுத்து வைத்துக்கொண்டு, உடுக்கை அடிக்க ஆரம்பித்தார். வீட்டு மூலையெல்லாம் அதிர்ந்தது. விளக்குத் திரி தானாகக் குனிந்தது.

"யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு வந்த? சொல்லு!"

கனகலட்சுமி ஆடவில்லை. மற்ற பெண்கள் தலையைச் சுற்றி ஆடுவார்கள். இவள் அசையாமல் நின்றுகொண்டு, மிடுக்காக, எங்களை எல்லாம் கூலிக்காரர்கள் மாதிரிப் பார்த்தாள்.

"கெட்… புஷ்கார்."

உடுக்கை நின்றது. கோடாங்கி இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை அதே புஷ்கார். அவர் மூன்று பாட்டுப் பாடிப் பார்த்தார். பேய் கொட்டாவி விட்டது.

இருளப்பசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்தது.

"இது துரைப் பேய். வெள்ளைக்காரன். குதிரையில போகும்போது எங்கயோ விழுந்து செத்தவன். கால் இழுக்குது பாரு."

"வெரட்டிவிடுங்க சாமி."

"எப்படி வெரட்டுறது? பேய்க்கு என்ன வேணும்னு கேட்டு, அதைக் குடுத்தா போகும். இல்லைன்னா குடுக்க மாட்டேன்னு முறைப்படி பதில் சொன்னா போகும். அது கேக்குறதே வெளங்கலைன்னா என் உடுக்கை என்ன பண்ணும்? வெளங்காம வேப்பிலையால அடிச்சேன்னா, கோபத்துல எறங்கி வீட்டுல அடுத்த ஆளு மேல ஏறும்."

அடுத்த ஆள் என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பாஷை தெரிஞ்ச ஆளைக் கொண்டா."

"அந்தப் பாஷைக்கு நான் எங்க போவேன்?"

வாசல்படிக்கு வெளியே இருந்து பெத்தம்மாள் சொன்னாள். "கோவாவுல மெளகாய் யாவாரம் பண்ணுனவுக ஒருத்தர் பாலவனத்தத்துல இருக்காகளே அண்ணே. அவுக சாப்புடும்போதுகூட அந்தப் பாஷையிலதான இருமுவாக?"

"அந்த ஆளை நான் கூப்பிட மாட்டேன்!"

சொல்லி வாய் மூடவில்லை. எனக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சுக் காற்று பட்டது. கனகலட்சுமி சத்தமில்லாமல் வந்து நின்றிருந்தாள். என் கழுத்தருகே குனிந்து, ரகசியம் சொல்வது போல, "புஷ்கார்" என்றாள்.

நான் அன்று தூங்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

*

சுப்புராஜின் வீட்டுக்குப் பக்கத்தில் மிளகாய்க் களம். காயப்போட்ட வத்தல் சிவப்பாகக் கண்ணைக் குத்தியது. அவன் குனிந்து மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தான். நான் வேலிக்கு வெளியே நின்றேன். சத்தியம் சத்தியம்தான். படி மிதிக்கக் கூடாது. பேசக் கூடாது. வேலியில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. நான் ஆட்டைப் பார்த்துப் பேசினேன்.

"ஏ ஆடே! இந்த வீட்டு ஆளுகிட்டச் சொல்லு. அவுக அக்காவுக்கு மேலுக்குச் சரியில்ல."

சுப்புராஜ் நிமிரவில்லை. "ஏ ஆடே! வந்திருக்கிறவுகளைக் கேளு. மேலுக்குச் சரியில்லைன்னா டாக்டர்கிட்டப் போகலாம்ல? மெளகாய் யாவாரிகிட்ட என்ன சோலி?"

"ஏ ஆடே! இது டாக்டரு பாக்குற சீக்கு இல்ல. கெட்டு, புஷ்காருன்னு பேசுது."

மிளகாய் புரட்டிய கை நின்றது. ஆடு என்னைப் பார்த்தது.

"ஏ ஆடே! எனக்கும் வேலை இருக்கு. என்னை வேண்டாம்னு சொன்ன வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்? வரணும்னா முறையா வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடச் சொல்லு."

வெற்றிலை பாக்கு கொண்டுபோயிருந்தேன். இந்தப் பேச்சு வரும் என்று தெரியும். அவன் கையில் கொடுத்தால் சத்தியம் போச்சு. வேலி மேல் வைக்கலாம் என்று நீட்டினேன். ஆடு எட்டி ஒரே கவ்வாகக் கவ்வியது. வெற்றிலை, பாக்கு, கட்டியிருந்த வாழைநார் எல்லாவற்றையும் மென்று தின்றுவிட்டு உதட்டை நக்கியது.

சுப்புராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஆடு வாங்கிக்கிருச்சு. இனி வராம இருக்க முடியாது."

பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தேன். அவன் பின்னால் உட்கார்ந்தான். அருப்புக்கோட்டையில் இறங்கி வண்டி மாறினோம். அங்கேயும் அப்படியே. ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிடரி மட்டும் வழி முழுவதும் அரித்துக்கொண்டே வந்தது.

*

வியாழக்கிழமை அந்தி. கோடாங்கி சூடத்தட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தார். வாசலில் கூட்டம். கனகலட்சுமியை நடு வீட்டில் பலகை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தம்பியைப் பார்த்தும் அவள் முகத்தில் அடையாளம் தெரிந்த குறியே இல்லை. அதுதான் என்னை ரொம்பவும் கலக்கியது. அவனைக் கண்டால் பூவாக மலர்கிறவள் அவள்.

சுப்புராஜ் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னான். அவனுக்குக் கூட்டம் கிடைத்தால் போதும்.

"இங்கிலீசுல கெட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கு. வாங்குறதுக்கும் அதுதான், வாரதுக்கும் அதுதான், எந்திரிக்கிறதுக்கும் அதுதான், வெளங்குறதுக்கும் அதுதான். கோவாவுல எங்கிட்ட மெளகாய் வாங்குற பெரியவர் சொல்லுவாரு, 'இங்கிலீசுக்காரன் சோம்பேறி, ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டே வயலுக்கும் போவான், கல்யாணத்துக்கும் போவான். எங்க போர்த்துகீசுல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வார்த்தை தனியா வச்சிருக்கோம்'னு. எந்திரிக்கிறதுன்னா லெவந்தார். பிடிக்கிறதுன்னா அப்பஞ்ஞார். போய்க் கூட்டியாரதுன்னா புஷ்கார். இந்தத் துரை ரெண்டு பாஷையும் தெரிஞ்சவன். நமக்கு வெளங்கட்டும்னு இங்கிலீசையும் சேத்துச் சொல்றான்."

"நல்ல மனசுக்காரன்" என்றாள் பெத்தம்மாள்.

நான் கோடாங்கியைப் பார்த்துக் கேட்டேன். "சாமி, ஷெகார்னா என்னன்னு கேளுங்க. கம்மாயில வச்சு மொதல்ல அதைத்தான் சொன்னுச்சு."

சுப்புராஜ் சட்டென்று திரும்பினான். அவன் முகத்தில் இருந்த மிடுக்குக் கொஞ்சம் இறங்கியது. "ஷெகாரா? அக்காவா சொன்னுச்சு?" பிறகு எச்சில் விழுங்கினான். "வந்து சேந்தாச்சுன்னு அர்த்தம்."

வாசலில் நின்ற கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. விளக்கு படபடத்தது. யாரும் ஊதவில்லை.

கோடாங்கி உடுக்கையை மெல்லத் தட்டினார். "என்ன வேணும் துரைக்கு?"

கனகலட்சுமி கையைத் தூக்கினாள். விரல் சுற்றி வந்து, தூணுக்குப் பின்னால் நின்ற தங்கச்செல்வியிடம் நின்றது.

"கெட்… கஸார்."

சுப்புராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னய்யா? சொல்லு!" கோடாங்கி அதட்டினார்.

"கஸார்னா கல்யாணம் முடிக்கிறது. துரை இந்தப் பொண்ணைக் கேக்குறான். குதிரையில போகையில இவளை மாதிரியே ஒருத்தியைப் பாத்தானாம். கல்யாணம் ஆகாமலே செத்துட்டானாம். நாளைக்கு வெள்ளிக்கெழமைக்குள்ள குடுக்கணுமாம். இல்லைன்னா தானே கூட்டிக்கிட்டுப் போயிருவானாம்."

இவ்வளவும் அந்த ஒற்றை வார்த்தைக்குள் இருந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கோடாங்கியிடம் கேட்டேன். பதிலைச் சுப்புராஜ் சுவரிடம் சொன்னான். "அந்தப் பாஷை அப்படி. பட்டுச்சேலை மாதிரி மடிச்சு வச்சிருப்பாக. பிரிச்சாத்தான் நீளம் தெரியும்."

தங்கச்செல்வி "அப்பா!" என்று அலறினாள். ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. என் வீம்பு, சூடம், பந்தல் எல்லாம் அந்தக் கைக்கு முன்னால் எங்கோ போய்விட்டது.

ஆனால் நான் வியாபாரி. பிடிக்காத ஆள் வந்து ஒரு சரக்கைக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வேறு ஒருத்தருக்கு எடுத்து வைத்தாச்சு என்பேன். வந்தவன் பேசாமல் போய்விடுவான். பேய் மட்டும் என்ன?

"இந்தப் பொண்ணைத் திருச்சுழிக்குப் பேசியாச்சு துரை!" என்றேன்.

கனகலட்சுமி சிரித்தாள். அந்தச் சிரிப்பு மொட்டைமாடி வரைக்கும் ஏறி இறங்கி வந்தது.

"என்தென்தேர்!"

"வெளங்கிக்கோன்னு சொல்றான்" என்றான் சுப்புராஜ். "பேச்சுத்தான் நடந்திருக்கு, பூ வைக்கல. திருச்சுழிக்காரன் என்ன முறைக்காரனா? அவனும் அசலாளு, நானும் அசலாளு. அவனுக்கு இருக்கிற உரிமை எனக்கும் இருக்குங்கிறான்."

பேய் நியாயம் பேசியது. கனகலட்சுமி பலகையிலிருந்து எழுந்தாள். பூட்ஸ் கால் இழுபட, மகளை நோக்கி நடந்தாள். வாசலில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் சொந்த மூளையில் வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"முறை இருக்கு துரை!" என்று குறுக்கே பாய்ந்தேன். "இவளுக்கு முறை மாப்பிள்ளை இருக்கான்! தாய்மாமன் மகன் ஆனந்தகுமார்! முறை இருக்கையில அசலுக்குப் பொண்ணு குடுக்குற பழக்கம் எங்களுக்குக் கெடையாது!"

பேய் நின்றது.

சுப்புராஜ் பதறினான். "அதெல்லாம் வேண்டாம். சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுனவுக. எம்பொருட்டு அவுக சத்தியம் கெட வேண்டாம்."

"நீ சும்மா இருய்யா!" என்று கத்தினேன். அத்தனை வருசத்தில் அவனிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. "சரின்னு சொல்லு! ஒம்மகனுக்கு எடுக்கிறேன்னு சொல்லு! ஒன் காலைப் பிடிக்கவா?"

"மச்சான், நான் வீட்டுல கேக்கணுமே."

"அது வந்துக்கிட்டு இருக்குய்யா!"

"சரி மச்சான். நீங்க இவ்வளவு தூரம் சொல்றதுனால."

கோடாங்கி சூடத்தட்டை நீட்டினார். நான் சூடத்தை அடித்தேன். உள்ளங்கை பொத்துப்போனது. பழைய சத்தியம் அடித்த அதே கை. பேய் இன்னும் போகவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குள் அத்தனை வருசமாக அடைத்துக் கிடந்த ஒரு சொல் தொண்டைக்கு வந்தது. நடு வீட்டில் நின்று, கையை வாசலுக்கு நீட்டி, கத்தினேன்.

"கெட் அவுட்!"

கனகலட்சுமி ஒரு கணம் பார்த்தாள். "சயீர்" என்றாள், மரியாதையாக. அப்படியே சரிந்து மகள் மடியில் விழுந்தாள்.

"வெளியேறுறேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்" என்றான் சுப்புராஜ். பிறகு என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "மச்சான், அந்தக் கெட்டுக்கு இத்தனை அர்த்தம் இருக்கு. அன்னைக்குப் பந்தல்ல அதுல நல்லதா ஒன்னை எடுத்துக்கக் கூடாதா?" என்றான்.

"அவுட்டுக்கு எத்தனை அர்த்தம்?" என்று கேட்டேன். அவன் அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டான். இன்று வரை சொல்லவில்லை.

*

பேய் கேட்ட பெண் என்று தெரிந்ததும் திருச்சுழிக்காரர்கள் இந்தப் பக்கமே வரவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. மகள் சிரித்துக்கொண்டே தாலி வாங்கினாள். எனக்கு ஊரில் பெரிய பெயர். வீரசோழன் ஊர் வரைக்கும் கதை போய்விட்டது. துரைப் பேயை அவன் பாஷையிலேயே விரட்டியவர் என்று கடையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் புண்ணாக்கு நிறுத்துக்கொண்டே கதையை முதலிலிருந்து சொல்வேன். ஒவ்வொரு தடவையும் சூறைக்காற்று கொஞ்சம் பெரியதாகும்.

பேரன் பிறந்து நடக்கப் பழகிய சமயம். ஒருநாள் நான் முன் அறையில் படுத்திருந்தேன். அடுப்படியில் பூனை பாலில் வாய் வைத்தது போலிருக்கிறது.

"சயீர்! கெட் அவுட், சயீர்!" என்று கனகலட்சுமி கரண்டியைத் தூக்கினாள். பேரன் கைதட்டினான். "ஆமாடா ராசா, போன்னு அர்த்தம். எந்திரின்னா லெவந்தார். எங்க, சொல்லு!"

நான் எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றேன்.

"இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பதறவில்லை. பாலை வடிகட்டிக்கொண்டே சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல தம்பி நம்ம வீட்டுக்கு வாரப்பவெல்லாம் இதைத்தான ஒப்பிப்பான். நான் சோறு போட்டுக்கிட்டே கேப்பேன். கேட்டுக் கேட்டு மனசுல தங்கிருச்சு."

"நானும்தான இருந்தேன்?"

"இருந்தீக. அவன் வாயைத் தொறந்தாலே நீங்க கொறட்டை விட ஆரம்பிச்சிருவீகள்ல?"

எனக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. தம்பி, அக்கா, பெத்தம்மாள். மகளுக்கும் தெரிந்திருக்கும். கோடாங்கி பேரன் காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்து சாப்பிட்டது ஏன் என்றும் புரிந்தது. எல்லாரும் சேர்ந்து என் வாயாலேயே என் பெண்ணைக் கொடுக்க வைத்திருக்கிறார்கள்.

"நல்லா இருக்குடி! அப்ப கம்மாயில நடு வெயில்ல முடியை அவுத்துப் போட்டு நின்னியே, சூறைக்காத்துல மறைஞ்சியே, அது என்ன வித்தை? அதையும் தம்பியா சொல்லிக்குடுத்தான்?"

வடிகட்டி அப்படியே நின்றது.

"எந்தக் கம்மா?"

"மடைக்கிட்ட நின்னு ஷெகார்னு சொல்லலை?"

"நான் எதுக்குக் கம்மாய்க்குப் போறேன்? அன்னைக்கு நீங்க கடைக்குப் போனதுல இருந்து பெத்தம்மா வீட்டுல அப்பளம்ல போட்டுக்கிட்டு இருந்தோம். நீங்க ஓடி வார சத்தம் கேட்டுத்தான் கையைக்கூடக் கழுவாம வந்து உக்காந்தேன். கையெல்லாம் மாவா இருந்துச்சே, பாக்கலையா?"

அந்த வெள்ளைக் கை என் கண் முன்னால் வந்தது.

"அப்ப ஷெகாரு?"

"அது எனக்குத் தெரியாது. தம்பி அந்த வார்த்தையை எங்கிட்டச் சொன்னதே இல்ல." பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு நீங்க அதைக் கேட்டதும் அவன் மொகம் செத்துப்போச்சுல்ல? இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன், உச்சிப்பொழுதுல வெளிய அலையாதீக, நேரத்துக்கு வீட்டுக்கு வாங்கன்னு."

அடுப்பில் பால் பொங்கியது. நான் பெத்தம்மாளிடம் போய்க் கேட்டேன். அப்பளம் போட்டது நிஜம் என்று அவள் சத்தியம் செய்தாள். சுப்புராஜிடம் கேட்டேன். அவன் பேச்சை மாற்றினான். கம்மாயில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் கிளம்பினேன். மடை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் போனேன். காற்றே இல்லாமல் ஒரு சருகு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டேன். கரிமூட்டத்தை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அது அவள் சொன்ன பொய்யோ, அங்கே நின்றது வேறு யாரோ, எனக்கு இன்னும் தெரியாது. இப்போதெல்லாம் சூரியன் உச்சிக்கு ஏறுவதற்கு முன்னால் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மொட்டைமாடியில் கனகலட்சுமியின் வத்தலுக்குக் காக்காய் விரட்டிக்கொண்டிருக்கிறேன்.